தூங்கவும் ஒரு வரிசை உண்டு

2006ஆம் ஆண்டில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஒரு சின்ன நிரல் சேர்ந்தது. எழுதியவர் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ். கணினிக்குள் ஓடும் கடிகாரத்தில் வேண்டுமென்றே தப்பான தேதியை எழுதி வைப்பதுதான் அதன் வேலை. அதை இயக்கிவிட்டு லேப்டாப்பைத் தூங்கவைத்து எழுப்பினால், ஆண்டும் மாதமும் மணியும் சம்பந்தமே இல்லாமல் எங்கோ போய் நிற்கும். அந்தத் தப்பான தேதிக்குள் ஒரு தடயம் இருக்கும்.

அன்றைக்கு லேப்டாப்பில் லினக்ஸ் போட்டவர்கள் பலருக்கும் இந்தத் தொல்லை தெரியும். மூடியைச் சாத்தினால் கணினி தூங்கிவிடும், திறந்தால் எழாது. திரை கறுப்பாகவே கிடக்கும், விசைப்பலகை பதில் சொல்லாது. எழுந்து வரும் வழியில் எந்தக் கருவியிடம் சிக்கிக்கொண்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். வேறு நேரமாக இருந்தால் தடுமாறிய நிரல் நடந்ததைத் திரையில் எழுதும், அல்லது வட்டில் குறித்துவைக்கும், அல்லது நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினிக்கு அனுப்பும். இங்கே திரை, வட்டு, நெட்வொர்க் அட்டை எதுவுமே இன்னும் எழுந்திருக்கவில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலோ, ரேமில் இருந்தது எல்லாம் போய்விடும்.

அப்படி அணைத்துத் திரும்பத் தொடங்கினாலும் அழியாமல் நிற்பது பொத்தான் பேட்டரியில் ஓடும் கடிகாரச் சிப் ஒன்றுதான். அதில் 114 பைட் தனி நினைவகமும் உண்டு. ஆனால் கணினி தொடங்கும்போது, பலகையிலேயே இருக்கும் தொடக்க நிரலான பயாஸ் அதில் கைவைத்துவிடும். மிச்சம் தேதியும் நேரமும். நொடி ஓடிக்கொண்டே இருப்பதால் அதில் எதையும் எழுத முடியாது. அணைத்துத் திரும்பத் தொடங்க ஓரிரு நிமிடமாவது ஆகும் என்பதால் நிமிடத்தையும் மூன்று மூன்றாகத்தான் எண்ண வேண்டும். பிப்ரவரி 30 போன்ற இல்லாத தேதி வந்தால் பயாஸ் குழம்பும். ஆகவே நாள் 28ஐத் தாண்டக் கூடாது. 100 ஆண்டு, 12 மாதம், 28 நாள், 24 மணி, 20 நிமிடப் படிகள். பெருக்கினால் 1,61,28,000. ஒரு கருவியின் பெயரை எண்ணாகச் சுருக்கி எழுத அது போதும். கெர்னல் ஒவ்வொரு கருவியை எழுப்பும்போதும் அதற்குரிய எண்ணைத் தேதியாக மாற்றிக் கடிகாரத்தில் எழுதும். எங்கே சிக்குகிறதோ அந்தக் கருவியின் தேதியோடு கடிகாரம் நிற்கும். மூன்று நிமிடத்துக்குள் கணினியைத் திரும்பத் தொடங்கினால், கெர்னல் கடிகாரத்தைப் படித்து, தன்னிடமுள்ள கருவிகளின் பெயர்களோடு ஒப்பிட்டு, ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

கெர்னல் நிரல்களில் நான் மிகவும் மதிக்கும் ஒன்று இது. ஒரு கருவியை அணைப்பது பெரும்பாலும் அதன் ரெஜிஸ்டர் என்ற சிறு நினைவிடம் ஒன்றில் ஓர் எண்ணை எழுதுவதோடு முடிந்துவிடுகிற காரியம். எப்போது அணைக்கலாம், அணைத்தால் வேறு யார் தவிப்பார்கள், எழுந்தபின் அதற்கு எதையெல்லாம் நினைவூட்ட வேண்டும் என்பதை அறிவதற்குத்தான் இவ்வளவு பாடு.

ஆழமும் மறதியும்

ஒரு சிப்பில் மின்சாரம் இரண்டு வழிகளில் செலவாகிறது. டிரான்சிஸ்டர்கள் ஒன்றிலிருந்து சுழிக்கும் சுழியிலிருந்து ஒன்றுக்கும் மாறும்போது ஆகும் செலவு ஒன்று. மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் கடிகாரத் துடிப்பின் வேகத்துக்கும் ஏற்ப அது ஏறும். எதுவும் மாறாமல் சும்மா இருக்கும்போதும் டிரான்சிஸ்டர்கள் வழியே கசிந்துகொண்டிருக்கும் செலவு இன்னொன்று.

சிப்பின் ஒரு பகுதிக்கு வரும் கடிகாரத் துடிப்பை நிறுத்தினால் முதல் செலவு நின்றுவிடும். ரெஜிஸ்டர்களில் இருந்தவை அப்படியே இருக்கும். துடிப்பு திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். கசிவையும் நிறுத்த வேண்டுமானால் மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும். அப்போது ரெஜிஸ்டர்கள் காலியாகிவிடும். கருவி எழும்போது தான் யார், எந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தோம், எந்த முகவரியில் தரவை வைத்திருந்தோம் என்று எதுவும் அதற்குத் தெரியாது. தூக்கம் ஆழமாக ஆக மறதி கூடும், எழும் நேரமும் கூடும்.

இந்தத் தூக்கப் படிகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். டி0 என்றால் முழு விழிப்பு. டி1, டி2 இடைநிலைகள். பெரும்பாலான கருவிகளில் இவை இல்லை. டி3 கடைசி. டி3க்குள்ளும் இரண்டு உண்டு. மின்சாரம் இன்னும் வந்துகொண்டிருக்க, கருவி மட்டும் சுருண்டு படுத்திருப்பது சூடான டி3. மின்சாரத்தையே எடுத்துவிட்டது குளிர்ந்த டி3. பிசிஐ என்ற இணைப்புத் தடத்தில் (பஸ்) இருக்கும் கருவி ஒன்று டி2இலிருந்து எழ 200 மைக்ரோ நொடி பொறுக்க வேண்டும் என்கிறது விதி. சூடான டி3இலிருந்து எழ 10 மில்லி நொடி. நொடிக்கு 300 கோடி முறை துடிக்கும் செயலிக்கு அது 3 கோடித் துடிப்பு நேரம். குளிர்ந்த டி3 என்றால், மின்சாரம் திரும்பி ரீசெட் முடிந்தபின் மேலும் 100 மில்லி நொடி அதனிடம் பேசாமல் பொறுத்திருப்பதே வழக்கம்.

இந்த முடிவுகளை யார் எடுப்பது என்பதில் ஒரு அதிகார மாற்றம் நடந்திருக்கிறது. 1992இல் இன்டெலும் மைக்ரோசாஃப்ட்டும் கொண்டுவந்த ஏபிஎம் முறையில் பயாஸுக்குத்தான் பெரும் பொறுப்பு. விசைப்பலகை அசையவில்லை, வட்டு ஓடவில்லை என்று பார்த்து பயாஸ் தானாக முடிவெடுக்கும். அந்த நேரத்தில் ஒரு பெரிய கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறதா, யாராவது படம் காட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார்களா என்பது பயாஸுக்குத் தெரிய வழியில்லை. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற புது ஒப்பந்தத்தை வெளியிட்டன. அதிலிருந்து முடிவு இயங்குதளத்துடையது.

ஆனால் முடிவெடுத்தால் போதுமா? இந்த லேப்டாப்பில் வைஃபை அட்டைக்குப் போகும் மின்சாரத்தை எந்தச் சுவிட்ச் துண்டிக்கும் என்பது அந்தப் பலகையை வடிவமைத்தவருக்குத்தான் தெரியும். அவர் அதை ஒரு சிறு நிரலாக எழுதி பயாஸில் வைத்துவிடுகிறார். கெர்னல் அதைப் படித்து, தனக்குள் இருக்கும் மொழிபெயர்ப்பி வழியாக ஓட்டுகிறது. யாரோ எழுதிய நிரலைக் கெர்னலுக்குள் ஓட்டுவது நெருடலான ஏற்பாடுதான். அதில் பிழை இருந்தால் பழி இயங்குதளத்தின் மேல் விழும். ஆனாலும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. உலகத்தில் வரும் ஒவ்வொரு லேப்டாப்பின் ஒவ்வொரு சுவிட்சையும் கெர்னல் மனப்பாடம் செய்ய முடியாது.

யாருக்கு யார் தேவை

மூடியைச் சாத்தியதும் கெர்னல் முதலில் எல்லா நிரல்களையும் உறைய வைக்கிறது. அதற்கு இயல்பாக 20 நொடி வரை பொறுத்துப் பார்க்கும். முடியாவிட்டால் தூங்கும் முயற்சியையே கைவிடும். அதன் பிறகு கருவிகள். எதை முதலில் அணைப்பது?

யுஎஸ்பி கட்டுப்பாட்டுச் சிப்பை முதலில் அணைத்துவிட்டு, அதன் கீழ் இருக்கும் பென்டிரைவிடம் 'கையிலிருப்பதை எழுதி முடி' என்று சொல்ல முடியாது. சொல்லும் வழியே அந்தச் சிப்தான். ஆகவே முனையிலிருந்து அணைத்துக்கொண்டு வேரை நோக்கி வர வேண்டும். எழும்போது வேரிலிருந்து முனைக்குப் போக வேண்டும். இதற்கு எது எதன் கீழ் இருக்கிறது என்ற வரைபடம் வேண்டும். 2000களின் தொடக்கம் வரை லினக்ஸில் அப்படி ஒன்று இல்லை. ஒவ்வொரு பஸ்ஸும் தன் கருவிகளின் பட்டியலைத் தன்னோடு வைத்திருந்தது. 2.5 வரிசைக் கெர்னல்களில் கெர்னல் நிரலாளர் பேட்ரிக் மோச்செல் எல்லாக் கருவிகளையும் ஒரே மரமாகக் கோத்தார். அவரை அதற்குத் தூண்டியவற்றில் முதன்மையானது இந்தத் தூக்கம்தான். இன்று லினக்ஸில் 'சிஸ்' கோப்பகத்துக்குள் போய்ப் பார்த்தால் தெரியும் மரம் அந்த வேலையின் விளைவு.

மரம் போதவில்லை என்பது பின்னால் தெரிந்தது. கிராஃபிக்ஸ் அட்டையை எடுத்துக்கொள்வோம். அதில் படம் வரையும் பகுதி ஒன்று, எச்டிஎம்ஐ கம்பி வழியாக ஒலியை அனுப்பும் பகுதி ஒன்று. பிசிஐ கணக்கில் இரண்டும் ஒரே அட்டையின் இரு கருவிகள், மரத்தில் அண்ணன் தம்பி. ஒலிப் பகுதிக்கு மின்சாரமோ படப் பகுதியின் கையில் இருக்கிறது. படப் பகுதி தூங்கப் போனால் ஒலிப் பகுதி சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும். செல்போன் சிப்புகளில் நிலைமை இன்னும் சிக்கல். கேமராவுக்குக் கட்டளை ஒரு பஸ்ஸில் போகும், துடிப்பு வேறொரு சிப்பிலிருந்து வரும், மின்சாரம் மூன்றாவது ஒன்றிலிருந்து வரும். மரத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு பெற்றோர்தான். 2017இல் வந்த 4.10 பதிப்பில் கெர்னல் நிரலாளர் ரஃபேல் விசோட்ஸ்கி இதற்கு ஒரு வழி செய்தார். எந்தக் கருவி எந்தக் கருவிக்கு வழங்குகிறது, எது பெறுகிறது என்று மரத்துக்குக் குறுக்கே இணைப்புகளைப் போட்டுக்கொள்ளலாம். வழங்குவது, பெறுவது தூங்கிய பிறகே தூங்கும்; பெறுவது எழும் முன் எழுந்துவிடும்.

வரிசையைச் சரியாகப் போட்டும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வைஃபை சிப்புகள் பல தங்களுக்கான நிரலைத் தங்களிடம் நிரந்தரமாக வைத்திருப்பதில்லை. கணினி தொடங்கும்போது, சிப்பை இயக்கும் கெர்னல் பகுதியான டிரைவர் அந்த நிரலை வட்டிலிருந்து எடுத்து ஊட்டும். மின்சாரம் துண்டிக்கப்பட்டால் சிப் அதை மறந்துவிடும். எழும்போது மறுபடி ஊட்ட வேண்டும். நிரல் வட்டில் இருக்கிறது. வட்டு இன்னும் எழவில்லை. அதைத் தேடித்தர வேண்டிய நிரல்களோ உறைந்து கிடக்கின்றன. ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து, யாருமே நகராத நிலை. லினக்ஸ் கண்ட தீர்வு எளிமையானது. தூங்கப் போகும் முன்பே, எந்தெந்தக் கருவிக்கு எந்தெந்த நிரல் ஊட்டப்பட்டது என்று பார்த்து, அத்தனையையும் ரேமில் எடுத்து வைத்துக்கொள்கிறது. எழுந்து சிறிது நேரம் கழித்து அந்த இடத்தை விடுவித்துவிடுகிறது. ரேம் மட்டும் தூக்கத்திலும் மறக்காது என்பதால் இது நடக்கிறது.

ஓடும்போதே தூங்குவது

இதுவரை சொன்னது மொத்தக் கணினியும் தூங்கும் கதை. பேட்டரியைக் காப்பாற்றுவதில் இதைவிட முக்கியமானது, கணினி விழித்திருக்கும்போதே வேலையில்லாத கருவிகளைத் தனித்தனியாகத் தூங்கவைப்பது. நீங்கள் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். கேமராவும் கார்டு ரீடரும் எதற்கு விழித்திருக்க வேண்டும்?

டிரைவர்கள் பல இதை ஏற்கெனவே தங்கள் போக்கில் செய்துகொண்டிருந்தன. 2009 டிசம்பரில் வெளியான 2.6.32 பதிப்பில் விசோட்ஸ்கி இதற்கு ஒரு பொதுச் சட்டகம் கொண்டுவந்தார். யுஎஸ்பி பகுதியை நன்கு அறிந்த ஆலன் ஸ்டெர்ன் அதை வடிவமைப்பதில் பெரும் பங்கு எடுத்துக்கொண்டார். சட்டகத்தின் உயிர்நாடி ஒரு சாதாரண எண்ணிக்கை. கருவி வேண்டும் என்பவர் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்ட வேண்டும். வேலை முடிந்ததும் ஒன்றைக் குறைக்க வேண்டும். சுழியானால் கருவி தூங்கலாம்.

லேப்டாப்பின் கேமரா பெரும்பாலும் உள்ளுக்குள் ஒரு யுஎஸ்பி கருவி. அதற்கு மேலே ஒரு ஹப், அதற்கும் மேலே யுஎஸ்பி கட்டுப்பாட்டுச் சிப். அது பிசிஐ கருவி. நீங்கள் கேமரா ஆப்பைத் திறந்ததும் டிரைவர் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. கெர்னல் மேலே ஏறிப் பார்க்கிறது: கட்டுப்பாட்டுச் சிப் டி3இல். அதை முதலில் எழுப்பி, பிறகு ஹப்பை, பிறகு கேமராவை. யுஎஸ்பி விதிப்படி எழுப்பும் சமிக்ஞையை 20 மில்லி நொடியாவது பிடித்திருக்க வேண்டும், பிறகு கருவி தெளிய 10 மில்லி நொடி கொடுக்க வேண்டும். உங்கள் முகம் திரையில் வர ஆகும் அந்தச் சின்னத் தாமதத்தில் இந்த ஏணிப்படி ஏற்றமும் சேர்ந்திருக்கிறது. ஆப்பை மூடினால் எல்லாம் எதிர்த்திசையில் நடக்கும். கேமரா தூங்கியபின் ஹப்புக்கு விழித்திருக்கும் பிள்ளை எதுவும் இல்லையென்றால் ஹப் தூங்கும், பிறகு சிப். டி3இல் கிடக்கும் சிப்பும் முழுக்கச் செவிடாவதில்லை. வெளியே யாராவது பென்டிரைவைச் செருகினால், பிஎம்இ என்ற தனிச் சமிக்ஞையால் கெர்னலை உசுப்பும்.

எண்ணிக்கை என்பதால் எளிது என்று நினைத்துவிடக் கூடாது. எங்காவது ஒரு பிழைப் பாதையில் குறைக்க மறந்தால் எண்ணிக்கை சுழிக்கு வரவே வராது. கருவி பிறகு தூங்கவே தூங்காது. எந்தப் பிழைச் செய்தியும் வராது, எதுவும் உடையாது, பேட்டரி மட்டும் சீக்கிரம் தீரும். இப்படிப்பட்ட பிழையைக் கண்டுபிடிப்பதுதான் மிகக் கடினம், ஏனென்றால் முறையிட யாருமில்லை. லினக்ஸின் சட்டகத்திலேயே இதற்கு ஒரு பொறி இருந்தது. கருவியை எழுப்பும்படி கேட்கும் செயற்கூறு, எழுப்புவதில் தோற்றாலும் எண்ணிக்கையைக் கூட்டியே விடும். தோல்வி என்று பதில் வந்தால் எதுவும் நடக்கவில்லை என்று நினைப்பதுதானே இயல்பு? டிரைவர் எழுதியவர்கள் அப்படியே நினைத்து, குறைக்காமல் திரும்பினார்கள். ஏராளமான டிரைவர்களில் இந்தக் கசிவு. 2020இல் 5.10 பதிப்பில், தோற்றால் எண்ணிக்கையைத் தானே பழையபடி ஆக்கிவிடும் புதிய செயற்கூறு ஒன்று வந்தது. ஓர் இடைமுகத்தைப் பலரும் ஒரே மாதிரி தவறாகப் பயன்படுத்தினால் குறை இடைமுகத்தில் இருக்கிறது என்றே நான் கொள்வேன்.

எதிர்ப்பக்கத் தவறு சத்தமானது. ஒருமுறை கூடுதலாகக் குறைத்துவிட்டால், இன்னொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே கருவி தூங்கிவிடும். செல்போன் சிப்பில் துடிப்பு நின்றுபோன கருவியின் ரெஜிஸ்டரைப் படிக்கப் போனால், செயலி பதிலுக்காகக் காத்து மொத்த இயந்திரமும் உறையலாம். பிசிஐ உலகில் வேறு விதம். அங்கே இல்லாத கருவியிடமோ தூங்கும் கருவியிடமோ கேட்டாலும் பதில் வரும்: 32 பிட்டும் ஒன்று. இதில் ஒரு நுட்பமான ஆபத்து இருக்கிறது. ஒரே குறுக்கீட்டுக் கம்பியை இரண்டு கருவிகள் பகிர்ந்துகொள்ளும்போது, பக்கத்துக் கருவி மணி அடித்தாலும் கெர்னல் இரண்டு டிரைவரையும் கூப்பிட்டு 'உன்னுடையதா?' என்று கேட்கும். நம் டிரைவர் தூங்கும் தன் கருவியின் நிலை ரெஜிஸ்டரைப் படிக்கிறது. எல்லாப் பிட்டும் ஒன்று. அதாவது தரவு வந்துவிட்டது, அனுப்பி முடிந்துவிட்டது, பிழையும் நேர்ந்திருக்கிறது, சூடும் ஏறிவிட்டது, எல்லாம் ஒரே சமயத்தில். அதை நம்பிச் செயல்பட்ட டிரைவர் நினைவகத்தைக் குதறிவிடும். நல்ல டிரைவர் முதலில் தன் கருவி விழித்திருக்கிறதா என்று பார்க்கும். எல்லாம் ஒன்றாக வரும் பதிலைச் சந்தேகிக்கும்.

எவ்வளவு நேரம் பொறுப்பது

வேலை முடிந்த உடனே தூங்கவைப்பது சிக்கனம் போலத் தோன்றும். எழுப்பவும் மின்சாரம் செலவாகும் என்பதை மறந்தால்தான் அப்படித் தோன்றும். சும்மா விழித்திருக்க ஒரு கருவி 0.4 வாட் எடுக்கிறது, தூங்கி எழ 2 ஜூல் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 5 நொடிக்கு மேல் வேலை வராவிட்டால்தான் தூக்கம் லாபம். அடுத்த வேலை எப்போது வரும் என்று கெர்னலுக்கு எப்படித் தெரியும்?

கணினி அறிவியலில் இதற்கு ஸ்கீ வாடகைக் கணக்கு என்று பெயர். பனிச்சறுக்கை விட்டுவிட்டு வாடகை சைக்கிளாகவே பார்ப்போம். எத்தனை நாள் தேவைப்படும் என்று தெரியாத ஒருவர் தினமும் வாடகை கொடுப்பதா, ஒரேயடியாக வாங்கிவிடுவதா? கொடுத்த வாடகை சைக்கிளின் விலையை எட்டும் வரை வாடகைக்கு எடு, எட்டியதும் வாங்கு என்பதே விடை. அப்படிச் செய்தால், எதிர்காலத்தை முன்பே அறிந்தவர் செய்திருக்கக்கூடிய செலவைப்போல் இரண்டு மடங்கைத் தாண்ட மாட்டோம். நிச்சயமான விதி ஒன்றால் இதைவிட நல்ல உத்தரவாதம் தர முடியாது என்று நிரூபணமும் உண்டு. நம் கருவிக்கு அது சொல்வது: 5 நொடி பொறு, பிறகு தூங்கவை. கெர்னலின் சட்டகத்தில் ஒவ்வொரு கருவிக்கும் இப்படி ஒரு பொறுக்கும் நேரத்தை வைக்க முடியும். கடைசியாக வேலை நடந்த நேரத்தை டிரைவர் குறித்துக்கொண்டே வரும். அதிலிருந்து அந்த நேரம் கடந்தால்தான் தூக்கம். யுஎஸ்பி கருவிகளுக்கு இயல்பு அளவு 2 நொடி.

மின்சாரம் மட்டுமே கணக்கானால் இதோடு முடித்திருக்கலாம். வன்தட்டில் வேறொரு செலவு இருக்கிறது. லேப்டாப் வட்டுகள் சும்மா இருக்கும்போது படிக்கும் தலையைத் தட்டிலிருந்து விலக்கி நிறுத்திக்கொள்ளும். பல வட்டுகளுக்கு இப்படி 6 லட்சம் முறை வரை தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் உறுதி தந்தார்கள். பெரிய எண்தான். ஆனால் நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி எடுத்தால் நாளுக்கு 1,440. இரவு பகலாக ஓடும் கணினியில் 417 நாளில் தீர்ந்துவிடும். 2007வாக்கில் லினக்ஸ் பயன்படுத்துவோரிடையே இது பெரும் கவலையாகப் பேசப்பட்டது. கெர்னல் சில நொடிக்கு ஒருமுறை எதையாவது வட்டில் எழுதும், வட்டு விழிக்கும், மறுபடி தூங்கும். சேமிக்கும் ஆசையில் பொருளையே தேய்ப்பது.

யுஎஸ்பியிலும் எதிர்பாராத செலவு வந்தது. பஸ் 3 மில்லி நொடி அமைதியாக இருந்தால் கருவி தூங்க வேண்டும், கூப்பிட்டால் எழ வேண்டும் என்பது விதி. விதியைப் பின்பற்றுவதாகச் சொல்லி விற்கப்படும் கருவிகளில் கணிசமானவை ஒருமுறை தூங்கினால் எழாது, அல்லது எழுந்தும் உளறும். பிரிண்டர்களும் ஸ்கேனர்களும் இதில் பேர்போனவை. ஆகவே லினக்ஸ் ஹப்புகளை மட்டும் இயல்பாகத் தூங்கவிடுகிறது. மற்றவற்றுக்கு, இந்த வகைக் கருவி சரியாக எழும் என்று டிரைவரோ பயனரோ பொறுப்பேற்க வேண்டும். கெர்னலுக்குள் இப்படி நம்ப முடியாத கருவிகளின் நீண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பதிப்பிலும் வளர்கிறது.

கண்ணயரும் நேரத்தில்

2008 அக்டோபரில் முதல் ஆண்ட்ராய்டு போன் வந்தபோது தூக்கத்தைப் பற்றிய எண்ணமே தலைகீழானது. லேப்டாப்பை மனிதர் மூடும்போது அது தூங்கும். போன் எந்நேரமும் தூங்கத் தவிக்கும். யாராவது 'பொறு' என்று பிடித்து நிறுத்தினால்தான் விழித்திருக்கும். அந்தப் பிடிக்கு வேக்லாக் என்று பெயர். கூகுள் அதைத் தன் கெர்னலில் வைத்து ஓட்டியது. பொதுக் கெர்னலில் சேர்க்கச் சொன்னபோது 2009லும் 2010லும் நீண்ட, சூடான வாதம் நடந்தது. ஒவ்வொரு கருவியையும் தனியாகத் தூங்கவைத்து, செயலியும் சும்மா இருந்தால் போதாதா, மொத்தத்தையும் வலுக்கட்டாயமாக உறைய வைப்பானேன் என்றது ஒரு தரப்பு. யாரோ எழுதிய மோசமான ஆப் ஒன்று செயலியை ஓயவிடாமல் சுற்றிக்கொண்டிருந்தால் அந்த வழி எடுபடாது என்றது மறு தரப்பு. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. போனில் ஓடும் ஆப்களை யார் எழுதுகிறார்கள் என்று பார்த்தால் ஆண்ட்ராய்டு தரப்புக்கே என் வாக்கு.

வாதத்தின் அடியில் அசலான ஒரு சிக்கல் கிடந்தது. போன் தூங்க முடிவெடுத்துவிட்டது. கருவிகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருக்கின்றன. சரியாக அந்தக் கணத்தில் ஓர் அழைப்பு வருகிறது. மோடம் மணி அடித்துவிட்டது, ஆனால் மணியைக் கேட்க வேண்டிய நிரல் உறைந்துவிட்டது. போன் தூங்கிப்போகும். அழைத்தவருக்கு மணி போய்க்கொண்டிருக்கும். இங்கே சத்தமே இராது.

2010இல் 2.6.36 பதிப்பில் விசோட்ஸ்கி கொடுத்த தீர்வு ஓர் எண்தான். எழுப்பும் நிகழ்வு ஒவ்வொன்றும் வரும்போது கெர்னல் ஓர் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. தூங்கவைக்க விரும்பும் நிரல் முதலில் அந்த எண்ணைப் படிக்க வேண்டும். படித்தபின் தன் பக்கத்தில் வேலை எதுவும் மிச்சமில்லை என்று எல்லோரிடமும் கேட்டு உறுதிசெய்துகொண்டு, படித்த அதே எண்ணைக் கெர்னலிடம் திருப்பி எழுத வேண்டும். இடையில் ஏதாவது நிகழ்ந்திருந்தால் எண் மாறியிருக்கும், எழுதுவது தோற்கும், தூக்கம் இல்லை. எழுதுவது வென்றால், அதன் பிறகு நிகழ்வு வந்தாலும் கெர்னல் பாதி வழியில் நிறுத்தித் திரும்பிவிடும். நீங்கள் கடைசியாக அறிந்ததும் இப்போதைய உண்மையும் ஒன்றுதானா என்று சரிபார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவது. இதை வைத்து 2012இல் 3.5 பதிப்பில், ஆண்ட்ராய்டு கேட்டது போலவே தானாகத் தூங்கும் வசதியும் பொதுக் கெர்னலுக்குள் வந்தது.

லேப்டாப்புகளும் மெல்ல போனின் வழிக்கு வந்துவிட்டன. 2012இல் விண்டோஸ் 8 கொண்டுவந்த ஏற்பாட்டில், மூடியைச் சாத்தினாலும் இயந்திரம் முறைப்படி விழித்தே இருக்கும். கருவிகள் எல்லாம் தனித்தனியாகத் தூங்கும். லினக்ஸ் 2013இல் 3.9 பதிப்பில் இதற்கு இணையான நிலையைச் சேர்த்தது. ரேமை மட்டும் விட்டுவிட்டு மீதியை பயாஸ் ஒரேயடியாக அணைத்துத் தரும் பழைய எஸ்3 நிலை பல புதிய லேப்டாப்புகளில் இல்லவே இல்லை. முன்பு ஒரு கருவியைத் தூங்கவைக்க டிரைவர் மறந்தாலும் கடைசியில் எல்லாவற்றின் மின்சாரமும் போய்விடும். இப்போது அந்தக் கடைசிக் கை கிடையாது. ஒரே ஒரு கருவி விழித்திருந்தாலும் சிப் தொகுதி முழுவதும் அதன் ஆழ்நிலைக்குப் போகாது. மூடிவைத்த லேப்டாப் பைக்குள் சூடாகிக் கிடப்பது பெரும்பாலும் இதனால்தான்.

எது ஆழமான தூக்கம் என்பதே இங்கே இடத்துக்கு இடம் மாறுகிறது. என்விஎம்இ வட்டுகளை மூடும் நேரத்தில் முழுக்க நிறுத்தி டி3க்கு அனுப்பிக்கொண்டிருந்த லினக்ஸ், 2019இல் 5.3 பதிப்பிலிருந்து இந்தப் புது வகைத் தூக்கத்தில் அவற்றை அவற்றின் சொந்தக் குறைமின் நிலையிலேயே விட்டது. அதில் செலவும் குறைவு, எழுவதும் வேகம். சில இயந்திரங்களுக்கோ டி3தான் வேண்டும். இல்லாவிட்டால் அவற்றின் சிப் தொகுதி ஆழத்துக்கு இறங்காது. அப்படிப்பட்ட இயந்திரங்களின் ஏசிபிஐ அட்டவணையில் தயாரிப்பாளர் ஒரு குறிப்பு எழுதிவைக்கிறார். கெர்னல் அதைப் பார்த்து வழியை மாற்றிக்கொள்கிறது.

இன்றைக்கு இந்தப் பிழைகளைத் துரத்துகிற பொறியாளர் கடிகாரத்தில் தேதி எழுத வேண்டியதில்லை. இன்டெல் சிப் தொகுதிக்குள் ஒரு கணக்கி இருக்கிறது. ஆழ்நிலையில் எத்தனை மைக்ரோ நொடி இருந்தோம் என்று அது எண்ணும். தூங்கி எழுந்த பிறகும் அதில் சுழியே இருந்தால், யாரோ தூங்கவில்லை. ஒவ்வொரு கருவியும் தான் எவ்வளவு தாமதத்தைப் பொறுப்பேன் என்று சிப் தொகுதிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். எதிர்பாராத அளவுக்குக் குறைவாகச் சொல்லும் கருவி மேல் முதல் சந்தேகம். அதன் சொல்லைப் புறக்கணிக்கும்படி சிப் தொகுதிக்குக் கட்டளையிட்டு, மறுபடி தூங்கவைத்து எழுப்பி, கணக்கியைப் பார்க்க வேண்டும். எண் நகரவில்லையென்றால் அடுத்த கருவி. நகர்ந்துவிட்டால், அந்தக் கருவியின் டிரைவரைத் திறந்து, எங்கே எண்ணிக்கையைக் கூட்டியிருக்கிறார்கள், எங்கே குறைத்திருக்கிறார்கள் என்று வரி வரியாகப் படிக்கத் தொடங்கலாம்.